உறங்கும் தாராவின் திறந்த கண்

திருகோணமலையில் சூரியன் அவசரமாக எழுவான். ஜனவரி நடுவில் காலை 6.25 அளவில் கடலுக்கு மேலே தலைகாட்டுகிறவன், 6.55 ஆவதற்குள் அடிவானத்திலிருந்து ஆறு பாகை ஏறிவிடுகிறான். படம் எடுப்பவர்கள் பொன்வெளிச்சம் என்று கொண்டாடுவது பெரும்பாலும் அந்த ஆறு பாகைக்குள் அடங்கிவிடும். டிசம்பர் மாத லண்டனில் அதே உயரத்தை எட்ட அவனுக்கு ஏறத்தாழ இரு மடங்கு நேரம் பிடிக்கும். அங்கே அடிவானத்தை ஒட்டிச் சாய்ந்து நழுவியபடி ஏறுகிறான். எட்டரைப் பாகை வட அகலாங்கில் உள்ள இந்த ஊரில் ஏணியில் ஏறுகிறவனைப் போல நேரே ஏறுகிறான். மேலைநாட்டுக் கையேடுகள் ஒரு மணி நேரம் என்று கணக்குச் சொல்லும் மென்வெளிச்சம் இங்கே அரை மணிக்கு மேல் நிற்பதில்லை.

மின்னொளி எதுவும் இல்லாமல், இருக்கிற வெளிச்சத்தில், ஒரு காட்டு வாத்தை, அதாவது தாராவை, நெருக்கமாகப் படம் பிடிக்க நினைப்பவருக்கு அந்த அரை மணிதான் முதல். எங்கே நிற்பது என்பதை ஊரின் அமைப்பே சொல்லிவிடுகிறது. நிலாவெளியில் கடல் கிழக்கே, களப்பு மேற்கே. கடலுக்கு முதுகு காட்டிக் களப்பைப் பார்த்து அமர்ந்தால், எழுகிற சூரியன் படக்காரரின் தோளுக்குப் பின்னாலிருந்து பறவையின் முகத்தில் நேராக விழும். மாலையில் அதே இடத்தில் அமர்ந்தால் தாராக்கள் வெறும் கரிய நிழலுருவங்கள்தான். அழகான நிழலுருவங்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் நிழலுருவத்துக்குக் கண் கிடையாது.

துறைமுகத்தை நம்பிப் போகிறவருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. உலகின் பேரியற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று இந்த ஊர் பெயர் பெற்றது அதன் ஆழத்தால். கொட்டியாரக் குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றே நீண்டு வருகிறது. நீலத் திமிங்கிலங்கள் இந்தக் கரையை அண்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். போர்க்கப்பலுக்கும் திமிங்கிலத்துக்கும் உவப்பான அந்த ஆழம், தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேயும் வாத்துக்கு ஒன்றுக்கும் உதவாது. அதற்குத் தன் கழுத்து எட்டுகிற ஆழந்தான் தண்ணீர். ஆகவே துறைமுகத்தின் பெருமையை விட்டுவிட்டு அதன் ஓரங்களுக்குப் போகவேண்டும்: தம்பலகாமக் குடாவின் சேற்று விளிம்பு, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சதுப்பு, மகாவலி கடலோடு கலக்கிற முகத்துவாரம், வடக்கே நிலாவெளி, இறக்கக்கண்டி, அதற்கும் அப்பால் கொக்கிளாய். உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் கந்தளாய்க் குளம், இராசராசன் பெயரால் தமிழ்ப் பௌத்தப் பள்ளி இருந்த வெல்கம் விகாரைக்கு அருகிலுள்ள பெரியகுளம், தாமரை மூடிய சிறு குளங்கள்.

பருவமும் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கமெராவோடு திருகோணமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மே முதல் செப்டெம்பர் வரை வருகிறார்கள். கடல் அடங்கியிருக்கும், புறாத்தீவுக்குப் படகு போகும், விடுதிகள் நிறையும். வலசை வாத்துகளோ அக்காலத்தில் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். அவை இங்கே வருவது ஒக்டோபரில், வடகீழ்ப் பருவமழையோடு. உல்லாசப் பயணிகள் மூட்டை கட்டிய பிறகு. தீவுக்கு வரும் வலசை வாத்துகளில் தொகையால் முந்தி நிற்பது நீலச்சிறகி. அதோடு ஊசிவால் வாத்து, நெற்றியில் மஞ்சள் தீற்றிய நாமத்தலை வாத்து, அகப்பைச் சொண்டு கொண்ட தட்டைவாயன் ஆகியனவும் வரும்.

ஆண் நீலச்சிறகியின் அழகு அதன் புருவம். கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை வளைந்து இறங்கும் வெள்ளைக் கோடு. அதைப் படத்தில் பிடிக்கத்தான் எல்லோரும் தவிக்கிறார்கள். ஆனால் இங்கே வந்திறங்கும்போது அந்தப் புருவம் அதனிடம் இருப்பதில்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் மணக்கோலத்தைக் களைந்து பெட்டையைப் போன்ற மங்கிய பழுப்பு உடைக்கு மாறிவிடும். மற்ற வாத்துகளில் பலவும் சில மாதங்களில் பழைய கோலத்துக்குத் திரும்ப, நீலச்சிறகி குளிர்காலத்தின் பெரும்பகுதியைப் பழுப்பிலேயே கழிக்கிறது. புருவம் துலங்குவது பெப்ரவரி, மார்ச் அளவில்தான்.

இதனால் விளைவது ஒரு வேடிக்கையான முரண். நவம்பர், டிசம்பரில் வானம் முழுக்க மேகம். நிழல் விழாத, இறகின் ஒவ்வொரு விளிம்பையும் காட்டித்தருகிற வெளிச்சம் காலை முழுவதும் கிடைக்கும். ஆனால் அப்போது ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு. மார்ச்சில் ஆண் முழுக்கோலத்தோடு நிற்கும். அப்போது வானம் துடைத்துவிட்டாற்போலத் தெளிந்து, எட்டு மணிக்கே வெயில் சுடும். சூரியன் உச்சியை நெருங்க நெருங்க முகத்தின் மேற்பகுதி வெளுத்து, கண் தன் குழியின் நிழலுக்குள் போய்விடும். நீலச்சிறகியின் கண் கருநிறம்; அதன் ஊடாக ஓடும் கோடும் கருநிறம். ஒரு துளி ஒளி கண்ணில் பட்டு மின்னாவிட்டால், படத்தில் கண் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பறவைப் படக்காரர்கள் அந்த ஒரு துளிக்காகத்தான் சாகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது மிகையாகத் தோன்றலாம். துளி இல்லாத படத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் மிகை என்று சொல்ல மாட்டார்கள்.

மெல்லிய வெளிச்சமே நல்ல வெளிச்சம் என்று எல்லாக் கையேடுகளும் ஒரே குரலில் ஓதுகின்றன. அதை மறுக்க ஒரு சிறு பறவை போதும். குள்ளத்தாரா இந்த மாவட்டத்தின் குளங்களில் ஆண்டு முழுவதும் வாழ்வது. உலகின் மிகச் சிறிய வாத்துகளில் ஒன்று, ஒரு முழத்துக்கும் குறைவு. ஆணுக்கு முகமும் கழுத்தும் வெள்ளை, முதுகு கரும்பச்சை, கண் இரத்தச் சிவப்பு. அந்தப் பச்சை சாயத்தால் ஆனதல்ல. இறகுக்குள் உள்ள நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம் அது. மேகம் மூடிய நாளில் அந்த முதுகு வெறும் கறுப்பு. வெயில் சரியான கோணத்தில் விழுந்து, பறவையும் சற்றுத் திரும்பினால், பச்சை கொப்பளிக்கும். அதே வெயில் வெள்ளைக் கழுத்தைச் சுட்டுப் பொசுக்கிவிடும். இறகின் நெசவு எதுவும் மிஞ்சாது. பச்சைக்கு வெயில் வேண்டும், வெள்ளைக்கு வெயில் ஆகாது. இரண்டையும் ஒரு படத்துக்குள் கொண்டுவர வாய்ப்பது விடிந்து சற்று நேரமே. வெள்ளைக்கு அளவாக ஒளியை வைத்துவிட்டு, முதுகு இருண்டால் இருளட்டும் என்று விடுகிறவர்தான் விவரம் தெரிந்தவர். வெளுத்துப்போன வெள்ளையை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது.

அந்தச் சிவப்புக் கண்ணுக்கு ஒரு பழைய கதை உண்டு. தஸ்மேனியாவில் பிறந்த வில்லியம் வின்சன்ட் லெக் பிரித்தானியப் பீரங்கிப் படையின் அதிகாரி. 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்தவர். திருகோணமலையிலும் பணியாற்றி, இந்தப் பகுதிக் காடுகளையும் குளங்களையும் அலசியவர். 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய இலங்கைப் பறவைகள் வரலாறு இன்றைக்கும் தள்ளிவைக்க முடியாத நூல். அக்காலத்தில் பறவையை நெருங்குவதற்கு ஒரே வழி துவக்கு. சுட்டு, உரித்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டி வைப்பார்கள். இறகின் நிறம் நூறாண்டு நிற்கும். கண்ணின் நிறமும் சொண்டின் நிறமும் உயிர் போனதும் மங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் லெக் காலத்துச் சேகரிப்பாளர்கள் பறவை கையில் சூடாக இருக்கும்போதே அதன் கண்ணின் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அருங்காட்சியக இழுப்பறையில் கிடக்கும் தோல்களுக்குக் கண் இருக்காது. குழிக்குள் பஞ்சு இருக்கும். லெக் நூலின் வண்ணப் படங்களை வரைந்த கியூலமன்ஸ் லண்டனில் இருந்தபடி அத்தகைய தோல்களைப் பார்த்து வரைந்தவர். கண்ணுக்கு உயிர் கொடுத்தது அவருடைய தூரிகை. தாராவின் கண்ணைத் தாராவிடமிருந்தே வாங்க முடியும் என்றாக்கியது கமெரா. படக்கலை பறவையியலுக்குச் செய்த பேருதவிகளில் இதையும் சேர்க்கவேண்டும்.

துவக்கு போய்க் கமெரா வந்துவிட்டது. ஆனால் வாத்துகள் இன்னும் துவக்கின் தூரத்திலேயே நிற்கின்றன. வேட்டை நடக்கும் நீர்நிலையில் வாத்துகள் மனிதனை வெகு தொலைவில் கண்டாலே எழும்பும். வேட்டையில்லாத இடத்தில், வேடந்தாங்கலைப் போல ஊரே காவல் நிற்கும் ஏரியில், பறவைகள் வீட்டு முற்றம் வரை வந்துவிடும். வாத்து நிற்கும் தூரத்தைப் பார்த்தே அந்த ஊரின் நடத்தையை ஓரளவு சொல்லிவிடலாம்.

களப்பில் இந்தத் தூரம் ஆளுக்கு ஆள் மாறுவதைக் காணலாம். இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நடக்கும் மீனவரை வாத்துகள் பெரிதாகச் சட்டை செய்வதில்லை. அவர் தினமும் வருகிறார், மீனைப் பார்க்கிறார், தங்களைப் பார்ப்பதில்லை என்பது அவற்றுக்குத் தெரியும். முக்காலியைத் தோளில் சுமந்து, தங்களை நோக்கியே நேராக வருகிற அந்நியரைக் கண்டால் கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிரும். கழுத்து நிமிர்ந்தால் படம் கெட்டது. வீதியோரம் நிறுத்திய ஓட்டோவுக்குள் இருப்பவரிடம் அவை அவ்வளவு அஞ்சுவதில்லை. நடந்துவரும் இரண்டு கால்தான் அவற்றுக்குப் பகை. இங்கிலாந்தின் கேர்ட்டன் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் புரிந்துகொண்டு, உள்ளே ஆள் புகுந்துகொள்ளும்படி பதப்படுத்திய மாட்டுத்தோலால் ஒரு பொய்மாடு செய்து அதற்குள்ளிருந்து பறவைகளைப் படம் எடுத்தார்கள். நிலாவெளியில் அதற்கு அவசியமே இல்லை. உண்மை மாடுகள் களப்புக் கரையில் தாராளமாக மேய்கின்றன; அவற்றுக்கு இந்தப் பக்கம் தாழ்ந்து அமர்ந்தால் போதும்.

தாழ்ந்து அமர்வது என்பதைப் பற்றியும் ஒரு சொல். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் வாத்து ஒரு முதுகு மட்டுமே. அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் அது ஓர் உயிராகத் தெரியும். அடிவானம் அதன் பின்னே வந்து நிற்கும். ஐரோப்பியப் படக்காரர்கள் இதற்காக நீர்விளிம்பில் குப்புறப் படுக்கிறார்கள். மகாவலி முகத்துவாரத்திலோ கந்தளாய்க் குளக்கரையிலோ விடியற்காலையில் அப்படிப் படுப்பவர் முதலையைப் பற்றியும் யானையைப் பற்றியும் உள்ளூர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படுப்பது நல்லது. மீனவர் ஒருவரோடு வள்ளத்தில் போய், வள்ளத்தின் அணியத்தில் கமெராவைத் தாங்கவைத்து எடுப்பது எல்லா வகையிலும் மேல். கண்மட்டமும் கிடைக்கும், பழகிய துணையும் கிடைக்கும்.

நெருங்கிவிட்டபின் வருவது வேறொரு சிக்கல். 500 மில்லிமீட்டர் லென்ஸில், எட்டு மீட்டர் தொலைவில், 5.6 துவாரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒன்பது சென்டிமீட்டர் அளவுதான். கண் கூர்மையாக இருந்தால் வால் கரைந்துபோகும். பின்னாலுள்ள தாமரை, மாடு, தென்னை, மீன்வாடி, மசூதியின் கோபுரம் எல்லாம் ஒரே பச்சைக் குழம்பாகிவிடும். அந்தக் குழைவைத்தான் இன்று பறவைப் படத்தின் இலக்கணமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அப்படி எடுத்த ஊசிவால் வாத்து நிலாவெளியில் நின்றதா, பரத்பூரில் நின்றதா, இங்கிலாந்தின் நோர்ஃபோக்கில் நின்றதா என்று எடுத்தவரைத் தவிர எவரும் சொல்ல முடியாது. நெருக்கம் கூடக்கூட ஊர் குறைகிறது. இந்த வகையில் இன்றைய படக்காரரும் லண்டன் அறையில் தோலைப் பார்த்து வரைந்த ஓவியரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: பறவையை அதன் தண்ணீரிலிருந்து கத்தரித்து எடுக்கிறார்கள்.

மா. கிருஷ்ணன் இங்கே நினைவுக்கு வராமல் முடியாது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையை எழுதியவர், பல கமெராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தானே ஒரு பெரும் கமெராவை உருவாக்கி, அதற்குக் கேலியாகச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தவர். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களில் விலங்கு சட்டத்தை நிறைத்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. அது நிற்கும் புதரும் மண்ணும் அதனோடு வரும். 1996-ல் அவர் மறைந்தபின் லென்ஸ்கள் பலமடங்கு கூர்மையாகிவிட்டன. அவருடைய படங்களில் இருந்த இடம் என்ற ஒன்று புதிய படங்களில் அருகி வருகிறது. துவாரத்தை 11-க்குச் சுருக்கி, நன்றாகப் பின்வாங்கி, களப்பின் உப்புக் கரையும் வலைக்கம்பும் தெரியும்படி ஒரு நீலச்சிறகியை எடுத்தால் போட்டியில் பரிசு கிடைக்காமல் போகலாம். திருகோணமலைக்கு அந்தப் படந்தான் வேண்டும்.

இந்த ஊரில் கமெரா ஒருநாளும் வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை என்பதையும் சொல்லாமல் போகக்கூடாது. கடற்படைத் தளம், சீனன்குடா விமானத்தளம், எண்ணெய்த் தாங்கிகள், காவலரண்கள். போர்க்காலத்தில் நீண்ட லென்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு களப்போரம் நடப்பது எவருக்கும் நினைத்துப்பார்க்க முடியாத காரியம். 2006 ஜனவரி 2-ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கையிலிருந்த குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் கூறப்பட்டது. சுடர் ஒளி நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த நெருக்கப் படங்கள் துப்பாக்கிக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24-ஆம் திகதி, காலையில் வேலைக்குப் புறப்பட்டவர் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த மாவட்டத்தில் கமெராவைக் கண்டதும் ஒரு முதியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், வாத்துக்காக வந்தவர் அதற்காக மனத்தாங்கல் கொள்ள வேண்டியதில்லை. கரையில் இருப்பவர்களிடம் முதலில் போய், என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டு உட்காருவதுதான் முறை. பல வேளைகளில் தாரா எங்கே இறங்கும் என்பதை அவர்களே காட்டித் தருவார்கள்.

இனி உறக்கம். சீழ்க்கைச் சிறகி இங்குள்ள குளங்களின் நிரந்தரக் குடி. செம்பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம். இரவெல்லாம் வயல்களில் மேய்ந்துவிட்டு, பகலில் தாமரை இலைகளுக்கிடையே கூட்டமாகத் தூங்குவது அதன் வழக்கம். பெரும்போக வயல்களில் காவலுக்கு இருப்பவர்கள் யானைவெடி போட்ட இரவுக்கு மறுநாள் அவை எளிதில் நிலைகொள்வதில்லை. பகல் வெளிச்சத்தில் மட்டுமே எடுப்பேன் என்று உறுதி பூண்டவருக்குக் கிடைப்பது, ஆகவே, பெரும்பாலும் உறங்குகிற சிறகிதான். ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீல்ஸ் ராட்டன்போர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1999-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு வாத்துகளைப் பற்றியது. வரிசையாக உறங்கும் காட்டு வாத்துகளில் ஓரத்தில் இருப்பவை, மூளையின் ஒரு பாதியை உறங்கவிட்டு மறுபாதியால் விழித்திருக்கின்றன. வெளிப்புறம் பார்க்கும் கண்ணைத் திறந்தே வைத்திருக்கின்றன. நடுவில் இருப்பவை இரு கண்ணையும் மூடி நிம்மதியாகத் தூங்குகின்றன.

படக்காரருக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது. கூட்டத்தின் ஓரத்துப் பறவையை லென்ஸ் வழியே பார்க்கட்டும். தன் பக்கம் உள்ள கண் இமைக்காமல் தன்னையே பார்த்தபடி இருந்தால், அவர் இன்னும் அதற்கு ஓர் ஆபத்து. அந்தக் கண் மெல்ல மூடினால், அவர் அங்கே இருக்கலாம் என்று கூட்டம் முடிவு செய்துவிட்டது. எட்டு மீட்டரா, முப்பது மீட்டரா என்பது அப்புறம்.

சட்டத்தின் பாதுகாப்பு ஏட்டில் நிறையவே உண்டு. கொக்கிளாய்க் களப்பு 1951-லும், துறைமுகத்துக்குள் இருக்கும் சோபர் தீவுகள் 1963-லும், சேருவில-அல்லைப் பகுதி 1970-லும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. வாத்துகள் எல்லைக்கல்லைப் பார்த்து இறங்குவதில்லை. அவற்றுக்குப் பிடித்த மேய்ச்சல் ஆழமில்லாத, பெயரில்லாத தண்ணீரில் இருக்கிறது. தரிசு என்று எழுதி மண்கொட்டி நிரப்ப முதலில் தேர்வாகும் தண்ணீரும் அதுவே.

மார்ச்சில் புருவம் துலங்கிய ஆணைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீலச்சிறகிகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிப் பறப்பதற்காக உடலில் கொழுப்பைச் சேமிக்கும் மாதமும் அதுவே. ஒவ்வொரு முறை எழுப்பிவிடும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பகுதி கரைகிறது. ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். ஆறு மணிக்கு முன்பே, அவை இறங்குவதற்கு முன்பே, கடற்பக்கக் கரையில் போய் அமர்ந்துவிடுங்கள். வந்த பிறகு அவற்றை நோக்கி நடக்காதீர்கள். ஏப்ரல் முடிவதற்குள் அவை வடக்கே போய்விடும். ஒக்டோபர் வரை குளங்களில் குள்ளத்தாராவும் சீழ்க்கைச் சிறகியும் மட்டுந்தான்.